சந்தனப் பொட்டு வைத்த ஆட்சேபணை

அக்டோபர் 9, திங்கள்

மன்னார் வளைகுடாவின் காவலனும், வருகிற கப்பல்களுக்கெல்லாம் வழிவிடும் வள்ளலும், செம்பாறைத் துறைமுக சிக்னல் கோபுரத்தின் மேற்பார்வையாளனுமாகிய கொம்பையா, இன்று முதல் நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறேன். டைரி, அக்கா மகள் செண்பகவல்லி புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஜனவரியில் தொடங்குவது சாமானியர் பழக்கம். பேரரசர்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போதுதான் ஆண்டு பிறக்கும்.

என் சாம்ராஜ்யம் நூற்றுப் பன்னிரண்டு படிகளுக்கு மேலே இருக்கிறது. ஒரு ராடார் திரை, இரண்டு ரேடியோ, ஒரு பைனாகுலர், கால் ஆடும் நாற்காலி ஒன்று, மச்சாது என்கிற சிக்னல்மேன் ஒருவர். துறைமுகத்துக்குள் ஒரு மீன்கொத்தி நுழைவதானாலும் எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் நுழைய வேண்டும். சரக்குக் கப்பல்கள் மட்டுமல்ல. வடக்குத் தளத்தில் நிற்கும் கடற்படையின் மூன்று ரோந்துப் படகுகள் எப்போது கிளம்புகின்றன, எந்தத் திசையில் போகின்றன, எப்போது திரும்புகின்றன என்பதும் இந்தக் கோபுரத்துக்குத் தெரியும். முப்பத்தோரு வருடமாக நான் ஊரில் எல்லாவற்றையும் பெருக்கிச் சொல்லியிருக்கிறேன். பார்த்த திமிங்கிலத்தைத் தீவாக்கியிருக்கிறேன். அந்தப் படகுகளைப் பற்றி மட்டும் கூடப்பிறந்த அக்காவிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மதியம் மேலாளர் நெல்லையப்பன் கையெழுத்திட்ட சுற்றறிக்கை வந்தது. துறைமுகத்தை முப்பது வருடக் குத்தகைக்கு விடுகிறார்களாம். எடுப்பது தனுஷ்கோடியின் கம்பெனி. தனுஷ்கோடி என்றால் அமைச்சரின் மச்சினன். போன தேர்தல் வரை அவனுக்கும் கடலுக்கும் இருந்த ஒரே உறவு, அவனுடைய ஐஸ் ஆலையிலிருந்து மீன்களுக்கு ஐஸ் போனதுதான். ஒப்பந்த நகலைப் படித்து ஒவ்வொரு பிரிவும் தன் கருத்தை 23ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் மேலாளர் அலுவலகத்தில் தர வேண்டும். தராத பிரிவுக்கு ஆட்சேபணை இல்லை என்று கருதப்படும்.

நகல் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். மச்சாது அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இத நங்கூரமாப் போட்டா எண்ணெய்க் கப்பலே நிக்கும்" என்றார்.

அக்டோபர் 11, புதன்

அக்கா பேச்சியம்மாள் காலையிலேயே மூன்று தேங்காய் வாங்கச் சொன்னாள். வாங்கினேன். ஒன்று அழுகல். தேங்காய்க்காரனிடம் போர் தொடுத்தேன். வெற்றி எனக்கே, மாற்றிக்கொடுத்ததும் அழுகல்.

பிறகு கோபுரத்தில் உட்கார்ந்து ஒப்பந்தம் படித்தேன். உலகத்தில் இதை முழுக்கப் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எழுதியவன்கூடப் படித்திருக்க மாட்டான்.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம். கப்பல் போக்குவரத்துக் கண்காணிப்பு முழுவதும் குத்தகைதாரரிடம் போகும். ராடார் பார்ப்பது அனைத்தும் அந்தக் கணமே "இயக்குநரின் தலைமையகத்துக்கு" அனுப்பப்படும். இயக்குநர் யார் என்று தேடினேன். தனுஷ்கோடியின் கம்பெனிக்குச் சொந்தக்காரன் ஏதோ தீவில் இருக்கிற ஒரு கம்பெனி. அதற்குச் சொந்தக்காரன் இன்னொரு கம்பெனி. பெட்டிக்குள் பெட்டியாகத் திறந்துகொண்டே போனால், கடைசிப் பெட்டிக்குள் ஒரு அரசாங்கமே உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தேசத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். என் பேனாவுக்கு ரோஷம் அதிகம். நம் கடற்படைப் படகுகள் எந்தத் தேசத்துக் கப்பலைக் கண்டால் சந்தேகத்தோடு பின்னாலேயே போகுமோ, அந்தத் தேசம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மச்சாதுவிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"அப்படின்னா நம்ம நேவிப் படகு கரையை விட்டு நகந்த உடனே அவனுக்குத் தெரிஞ்சிரும்?"

"நமக்குத் தெரியும் முன்னாடியே தெரியும்வே."

"மத்த பிரிவுக்காரனுக்கு இதுல என்ன தெரியும்? கிரேன்காரன் கிரேனப் பாப்பான். சொல்லணும்னா நாமதான் சொல்லணும், அண்ணாச்சி."

அக்டோபர் 12, வியாழன்

ஆட்சேபணைக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டேன். பதினோரு பக்கம் வந்திருக்கிறது. இன்னும் முன்னுரையைத் தாண்டவில்லை. பாண்டியர் காலத்து முத்துக்குளிப்பில் தொடங்கியிருக்கிறேன். டெல்லியில் இதைப் படிக்கிறவர்கள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுதான் படிப்பார்கள்.

செண்பகத்துக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. பொறியியல் முடித்து மூன்று வருடம். நேற்று பக்கத்து வீட்டுக்காரி, "என்னட்டி, இன்னும் வீட்லதான் இருக்கியா?" என்று கேட்டாளாம். பிள்ளை மாடியில் போய்த் துணி காயப்போட்டாள். துவைத்த துணி எதுவும் இல்லை.

அக்டோபர் 14, சனி

தனுஷ்கோடி நூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறி வந்தான். கையில் அல்வாப் பொட்டலம். அவனுக்கு வந்த மூச்சிரைப்பில் காற்றுமானி நாற்பது கிலோமீட்டர் காட்டியது.

"அண்ணாச்சி, நீங்கதான் இந்தத் துறைமுகத்துக்கே கண்ணு. ஒங்க ஆசீர்வாதம் இல்லாம நான் எதுவும் செய்ய மாட்டேன் பாத்துக்கிடுங்க."

"ஆசீர்வாதம் நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல தட்டுதுய்யா" என்றேன்.

அவன் சிரித்தான். அந்தப் பக்கம் இருப்பதே அவனுக்குத் தெரியாது என்று சத்தியம் செய்வேன்.

"அதெல்லாம் வக்கீல்மாரு எழுதுறது. எனக்கு ஏபிசிடி முழுசா வராது, அண்ணாச்சி. நான் இங்க உள்ளவன். அங்க உள்ளவனுக்கு இங்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்." எழுந்தவன் வாசலில் நின்றான். "நம்ம செண்பகம் படிச்சிட்டுச் சும்மாதான இருக்கு? வர்ற வியாழக்கிழமை ஆபீசுக்கு வரச் சொல்லுங்க. புதுக் கண்ட்ரோல் ரூம்ல ஒரு சீட்டு இருக்கு. ஒப்பந்தம் முடிஞ்சாத்தான் கண்ட்ரோல் ரூமே வரும், அது வேற விஷயம்."

அல்வாவை நான் தொடவில்லை. மச்சாதுவும் தொடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனேன், வீணாக்கக் கூடாது என்பது என் கொள்கை.

அக்டோபர் 15, ஞாயிறு

வேலைப் பேச்சை அக்காவிடம் சொல்லவே வேண்டாம் என்றிருந்தேன். பொட்டலத்தின் மேல் கம்பெனிப் பெயர் அச்சடித்திருந்தது. சொல்ல வேண்டியதாயிற்று.

அக்டோபர் 18, புதன்

மச்சாது என் பதினோரு பக்கத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டு, "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. இதப் படிச்சா நீங்க திமிங்கிலம் பார்த்த கதைன்னு நினைச்சிருவாவ. பாண்டியன எடுத்துருங்க" என்றார். எடுத்தேன். பிறகு சோழனும் போனான். உவமைகள் போயின. இமயமும் குமரியும் போயின. கடைசியில் ஏழு வரி மிஞ்சியது. ராடார் எதைப் பார்க்கிறது, அது யாருக்குப் போகும், கடற்படைத் தளம் எத்தனை மீட்டரில் இருக்கிறது, ஆகவே சிக்னல் பிரிவு ஆட்சேபிக்கிறது. கையெழுத்து, தேதி, முத்திரை.

என் ஆயுளில் நான் பெருக்காமல் எழுதிய ஒரே விஷயம் இதுதான். படித்துப் பார்த்தபோது வேறு யாரோ எழுதியது போலிருந்தது. உறையிலிட்டு ஒட்டிவிட்டேன். நாளை காலை முதல் வேலையாக மேலாளர் அலுவலகம்.

அக்டோபர் 19, வியாழன்

செண்பகத்தை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடி ஆபீசுக்குப் போனேன். சும்மா பார்த்துவிட்டு வரட்டும் என்றுதான். உறை, ஸ்கூட்டர் பெட்டியில் இருந்தது. மேலாளர் அலுவலகம் அங்கிருந்து நான்காவது கட்டடம். ஆனால் வெயில், சகாராப் பாலைவனமே வந்து நிழல் கேட்கும் வெயில். நடக்க முடியவில்லை.

அக்டோபர் 20, வெள்ளி

மேலாளர் அறையில் ஏதோ கூட்டம். உள்ளே போகவில்லை. கூட்டமெல்லாம் இல்லை, மேலாளர் தனியாகச் சுண்டல் தின்றுகொண்டிருந்தார் என்று மச்சாது சொல்கிறார். இருக்கலாம்.

அக்டோபர் 21, சனி

செண்பகத்துக்கு வேலை உத்தரவு வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலிருந்து அமலுக்கு வருமாம். அக்கா பால் பாயசம் வைத்தாள். செண்பகம் அந்தத் தாளை எட்டாக மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா, ஒங்களுக்குச் சந்தோஷம்தான?"

"என் சந்தோஷத்தை அவுத்து விட்டா செம்பாறையே வெள்ளத்துல போயிரும், ஏட்டி. அதான் அடக்கி வச்சிருக்கேன்."

மூன்று டம்ளர் குடித்தேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

நாளை ஆயுத பூஜை. கோபுரத்தைக் கழுவினோம். ராடாரைத் துடைத்தோம். பொரி, அவல், கடலை, வாழைக்கன்று, பூசணிக்காய் வாங்கினோம். பூசணிக்காயை நூற்றுப் பன்னிரண்டு படியும் நானே சுமந்தேன். அது பூசணிக்காய் இல்லை, சிறிய கிரகம்.

அக்டோபர் 23, திங்கள். ஆயுத பூஜை

எங்கள் கோபுரத்து வழக்கத்தை எழுதிவைக்க வேண்டும். ஆயுத பூஜையன்று பைனாகுலர், பதிவேடு, முத்திரை, பேனா எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் போய்விடும். சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டியாயிற்றென்றால் மறுநாள் விஜயதசமி காலை வரை தொடக் கூடாது. ராடாரும் ரேடியோவும் மட்டும் ஓடும். வருகிற கப்பலை மச்சாது மனதில் குறித்துவைத்து, மறுநாள் பதிவேட்டில் ஏற்றுவார். அவர் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவர். ஆனாலும் முப்பது வருடமாக இந்த வழக்கத்தை என்னைவிடச் சுத்தமாகக் காப்பாற்றுகிறவர் அவர்தான்.

காலை பத்து மணிக்கு எல்லாவற்றையும் அடுக்கினேன். உறையையும் எடுத்து அடுக்கின் மேலே வைத்தேன். தேச விவகாரம், கலைமகளின் அருள் இல்லாமல் போகலாமா? உறையின் நடுவில் பெரிதாகச் சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம். கற்பூரம் காட்டினேன்.

மச்சாது கும்பிட்டுக்கொண்டே, "அண்ணாச்சி, அதையும் வச்சிட்டீயளே. இன்னைக்குத்தான கடைசி நாள்?" என்றார்.

தூக்கிவாரிப்போட்டது. இன்று 23 என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. சத்தியமாக.

மூன்று மணிக்கு மச்சாது மறுபடியும் கேட்டார். "மேலாளர் ஆபீஸ்ல டூட்டி கிளார்க் இருக்கான். இருநூறு அடி தூரம். நீங்க தொட வேண்டாம். நான் வேதக்காரன், எனக்குத் தீட்டுமில்ல, தோஷமுமில்ல. எடுத்துட்டுப் போயிக் குடுத்துட்டு வந்துருதேன்."

"பூஜையில வச்சத எடுத்தா சாமி குத்தம்வே."

"ஒங்களுக்குத்தான குத்தம்? எனக்கில்லையே."

"யார் எடுத்தாலும் கோபுரத்துக்குக் குத்தம்."

மச்சாது என்னைப் பார்த்தார். பைனாகுலர் வழியாகத் தூரத்துக் கப்பலின் பெயரைப் படிக்கும்போது பார்ப்பாரே, அதே பார்வை. பிறகு பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

ஐந்து மணிக்குத் துறைமுகச் சங்கு ஊதியது. தினமும் ஊதுவதுதான்.

(எழுதக் கூடாத நாளில் எழுதுகிறேனே என்று யாராவது கேட்கலாம். நாட்குறிப்பு எழுத்தில் சேராது. முனகலில் சேர்த்தி.)

அக்டோபர் 24, செவ்வாய். விஜயதசமி

சூரியனையே எழுப்பிவிட்டு நான்தான் முதலில் எழுந்தேன். ஒன்பது மணிக்கு மேலாளர் அறையில் நின்றேன். உறையை நீட்டினேன். நெல்லையப்பன் அதை வாங்காமல் லட்டுத் தட்டை நீட்டினார்.

"கொம்பையா, நேத்து அஞ்சு மணிக்கே எல்லாம் டெல்லிக்குப் போயிட்டுவே. ஏழு பிரிவுல ஆறு பேர் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்தாவ. நீரு ஒருத்தர்தான் எழுதாமலே சொன்னீரு. அதுல ஒரு கௌரவம் இருக்கு பாத்துக்கிடும்."

"சார், பூஜை... அதுல வச்சது..."

"நல்லதாப் போச்சு. சரஸ்வதியே வேண்டாம்னுட்டா." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, லட்டிலிருந்த முந்திரியைத் தேடி எடுத்தார். "நம்ம செண்பகத்துக்கும் ஆர்டர் வந்துட்டாமே? சந்தோஷம்."

உறையோடு திரும்பினேன். லட்டையும் கொண்டுவந்தேன். பூஜையில் வைத்ததால் ஒரு கடிதத்தைக் கொடுக்க முடியாமல் போயிற்று என்று அக்காவிடம் சொன்னேன்.

நவம்பர் 6, திங்கள்

டெல்லிக்கு நேரடியாக எழுதிவிட்டேன். கூடவே அந்த ஏழு வரியின் நகல். பதிவுத் தபால். தபால் நிலையத்தில் முத்திரை குத்தியபோது பூமி அதிர்ந்தது. குத்திய பெண்மணி கவனிக்கவில்லை.

டிசம்பர் 12, செவ்வாய்

பதில் வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "தங்கள் கடிதம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. இப்பொருளில் கருத்துச் சொல்லத் தகுதியுள்ள ஒரே பிரிவான சிக்னல் நிலையமே ஆட்சேபணை தெரிவிக்கவில்லை என்பதால், மேல் நடவடிக்கை தேவையில்லை என முடிவு செய்யப்பட்டுள்ளது."

ஐந்து முறை படித்தேன். அக்கா என்ன தபால் என்று கேட்டாள். டெல்லியில் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள் என்றேன்.

ஜனவரி 22, திங்கள்

ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைச்சர் வந்தார். பந்தல், மேளம், தனுஷ்கோடிக்கு ஆள் உயர மாலை. அவனுக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர் நான்கு பேர் புன்னகையோடு நின்றார்கள். நல்ல மனிதர்களாகத்தான் தெரிந்தார்கள். அவர்களில் ஒருவர் என் கையைக் குலுக்கி, உடைந்த தமிழில் "வணக்கம், மிக்க நன்றி" என்றார். எதற்கு நன்றி என்று கேட்கவில்லை.

சிக்னல் கோபுரம் மூடப்பட்டது. எனக்கு உயிர்காக்கும் மிதவை வளையங்கள் அடுக்கிய கிடங்கில் வேலை. மச்சாது விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்தார். போகும்போது பைனாகுலரின் தோல் உறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "எடுத்துக்கிடும்வே" என்றேன்.

பிப்ரவரி 1, வியாழன்

செண்பகத்துக்கு முதல் நாள். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, கம்பெனி பஸ். அக்கா தெருமுனை வரை போய்க் கையசைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கே வரவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

சாப்பிடும்போது செண்பகம் சொன்னாள். "வேலை ரொம்பச் சுலபம், மாமா. எந்தக் கப்பல் எப்பக் கிளம்புது, எந்தப் பக்கம் போகுதுன்னு மெஷினே எழுதிரும். நான் சரிபார்த்து ஒரு பட்டனை அமுக்கணும். அனுப்புனது யாருன்னு எம் பேரு விழும். நேவிப் படகுக்கு மட்டும் திரையில தனிக் கட்டம். அத மொதல்ல அனுப்பணும்."

குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று அக்காவிடம் சண்டை போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 16, செவ்வாய்

கடற்படை லெப்டினென்ட் பிஷ்ட் கிடங்குக்கு வந்தார். இமயமலைப் பக்கத்துப் பிள்ளை. நான்கு வருடமாக எங்கள் கோபுரத்தில் டீ குடித்தே தமிழ் கற்றவர். முன்பெல்லாம் கடத்தல் படகு பிடித்த நாளில் வடையும் வாங்கிவருவார்.

இன்று வடை இல்லை. "கொம்பையா ஜி, என்ன மாயம்? முன்னாடி மாசம் மூணு போட், நாலு போட் பிடிக்கிறது. இப்போ நாங்க தெக்கே போனா அவன் வடக்கே. நாங்க வடக்கே போனா அவன் தெக்கே. ரெண்டு மாசமா கடல் காலி."

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். சொன்னால் விசாரணை வரும். அந்தக் கண்ட்ரோல் ரூம் திரையில் அனுப்பியவர் என்ற இடத்தில் முதலில் என்ன பெயர் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தனுஷ்கோடி பெயரோ, தீவுக் கம்பெனியின் பெயரோ இருக்காது.

"கடலுக்கு வயசாயிட்டு சார்" என்றேன். "நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது அலைக்கு ஒரு திருடன் நிப்பான். இப்ப மீனே இல்ல, திருடன் எங்க இருப்பான்?"

அவர் சிரித்தார். என் கதைகளுக்கு எப்போதும் சிரிப்பவர். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். நான் மிதவை வளையங்களை எண்ணினேன். நானூற்றுப் பதினாறு. யாரையும் காப்பாற்றாத நானூற்றுப் பதினாறு.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

பழைய டைரியில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதிவருகிறேன். இதுதான் கடைசிப் பக்கம்.

பூஜைக்கு அடுக்கப் புத்தகம் எடுக்கிறேன் என்று செண்பகம் என் அலமாரியைக் கவிழ்த்தாள். உறை விழுந்தது. சந்தனம் காய்ந்து, வெடித்து, ஒரு ஓரம் உதிர்ந்திருந்தது. குங்குமம் மட்டும் அப்படியே. பிரித்துவிட்டாள். ஏழு வரிதானே, உடனே படித்துவிட்டாள்.

"மாமா, இது நான் செய்ற வேலைதான?"

நான் வாழையிலையை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"பூஜையில வச்சதாலதான் குடுக்க முடியாமப் போச்சுன்னு அம்மாகிட்ட சொன்னீங்கல்லா? இதுல தேதி பதினெட்டுன்னு போட்டிருக்கே. பூஜை இருபத்தி மூணு." விரல் விட்டு எண்ணினாள். இருபத்தொன்றில் விரல் நின்றுவிட்டது. அது அவளுக்கு வேலை உத்தரவு வந்த நாள். அவள் மறந்திருக்க மாட்டாள்.

அக்கா சமையலறையிலிருந்து, "ஏலே கொம்பையா, சந்தனம் கரைச்சாச்சா?" என்று கத்தினாள்.

பதினோரு பக்கம் பதில் சொல்லக்கூடியவன் நான். பாண்டியன், சோழன், இமயம், குமரி எல்லாம் வரிசையில் வந்து நின்றார்கள். ஒருவனையும் கூப்பிடாமல், "கரைச்சாச்சுக்கா" என்று அக்காவுக்குக் குரல் கொடுத்தேன்.

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. செண்பகம் கடிதத்தை அதே மடிப்பில் மடித்து உறைக்குள் வைத்தாள். கழுத்தில் அட்டையை மாட்டினாள்.

"இன்னைக்குமா ஷிப்டு?" என்றேன். "அட்டையையாவது பூஜையில வச்சிட்டுப் போயேன், ஏட்டி. ஒரு நாள்தான."

"அட்டை இல்லாமக் கதவு திறக்காது, மாமா." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அங்க மெஷினுக்குப் பூஜை கிடையாது."

போய்விட்டாள். உறையை மறுபடியும் சரஸ்வதிக்கு முன்னால் வைத்தேன். புதிதாகச் சந்தனம் வைத்தேன். கற்பூரம் காட்டிவிட்டு மாடிக்குப் போனேன். வடக்குத் தளத்திலிருந்து ஒரு படகு வெளியே போய்க்கொண்டிருந்தது. சாம்பல் நிறம், சின்னப் படகு, உள்ளதைச் சொன்னால் அவ்வளவுதான்.

மணி என்னவென்று நான் பார்க்கவில்லை. செண்பகம் பார்த்திருப்பாள்.